பெண்ட் பைப் பேசுகிறது, நாம் கேட்கிறோமா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் என்றால் நிலவைப் பற்றி நாலு கவிதை, நட்பைப் பற்றி ரெண்டு கவிதை, கடைசிப் பக்கத்தில் கண்ணீரோடு ஒரு பிரியாவிடைக் கட்டுரை. இவற்றுக்கு நடுவே பழைய புல்லட் வண்டியின் சைலன்சர் பைப் சூடாவதைப் பற்றி எழுத ஒருத்தன் வந்திருக்கிறானே என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பைப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் விஷயம் நம்முடைய டிப்ளமாவைப் பற்றியது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மூன்று வருடத்தில் நாம் கார்ப்பரேட்டரை வரையக் கற்றுக்கொள்கிறோம். இக்னிஷன் சர்க்யூட்டை வரையக் கற்றுக்கொள்கிறோம். அம்புக்குறி போட்டு, பெயர் எழுதி, பத்துக்கு எட்டு மார்க் வாங்குகிறோம். ஆனால் ஓடுகிற ஒரு இன்ஜின் முன்னால் நிறுத்தி, "இதுக்கு என்ன நோய்? கண்டுபிடி" என்று கேட்டால் நம்மில் பல பேர் கையைப் பிசைகிறோம். நோயைத் தேடும் அந்தப் பயிற்சிதான் படிப்பின் உயிர். அதைக் கற்றுக்கொடுக்க ஒரு பழைய புல்லட்டைவிட நல்ல வாத்தியார் இல்லை என்பது என் கட்சி.

ஏன் புல்லட்?

இங்கிலாந்தில் பிறந்தாலும் நம்ம ஊரில் வளர்ந்த வண்டி அது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கைகோத்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. சென்னை திருவொற்றியூரில் தயாரிப்பு நடந்தது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிப்போன பிறகும் திருவொற்றியூர் நிற்கவில்லை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. காஸ்ட் அயர்ன் சிலிண்டர் வைத்த அந்தப் பழைய இன்ஜின் 2010-ஐ ஒட்டித்தான் ஓய்வு பெற்றது. இன்றைக்கும் நம் ஊர்ச் சாலைகளில் அது "டப்... டப்..." என்று போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அதில் எதுவும் ஒளிந்திருக்காது. ஒரு மூடியைக் கழற்றினால் டேப்பட். இன்னொரு மூடியைக் கழற்றினால் பாயிண்ட். கார்ப்பரேட்டர் வெளியிலேயே தொங்குகிறது. காற்று, பெட்ரோல், பொறி, வால்வு ஆகிய நான்கையும் தனித்தனியாகத் தொட்டு, தனித்தனியாக மாற்றி, என்ன ஆகிறது என்று பார்க்கலாம். இதைவிடத் தெளிவான கரும்பலகை எங்கே கிடைக்கும்?

நீலம் எங்கிருந்து வருகிறது?

சிலிண்டர் ஹெட்டிலிருந்து வளைந்து இறங்கும் குரோம் பைப்பைத்தான் பட்டறைகளில் பெண்ட் பைப் என்கிறார்கள். புதிதாக மாட்டும்போது கண்ணாடி மாதிரி பளபளக்கும். சில வண்டிகளில் கொஞ்ச நாளிலேயே வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, கடைசியில் மயில் கழுத்து நீலம் என்று மாறிவிடும்.

இந்த நிற வரிசையை நாம் ஒர்க்ஷாப் தியரியில் டெம்பரிங் பாடத்தில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எஃகைச் சூடாக்கினால் சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம், சுமார் 300-ல் நீலம். மேலே படியும் ஆக்ஸைடு படலத்தின் கனம் கூடக் கூட நிறம் மாறுகிறது. குரோம் பூச்சிலும் தத்துவம் அதேதான். ஆனால் குரோமியத்தின் மேல் ஆக்ஸைடு படலம் சுலபத்தில் தடிக்காது என்பதால் அதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். எனவே நீலமாகிப்போன பைப் என்பது, "உள்ளே இருந்து வரும் புகை அளவுக்கு மீறிச் சூடாக இருக்கிறது" என்று எழுதி ஒட்டிய நோட்டீஸ்.

தெர்மல் லேபில் ஹீட் பேலன்ஸ் ஷீட் போட்டோம். எரிபொருள் கொடுத்த வெப்பத்தில் உருப்படியான வேலைக்குப் போனது எவ்வளவு, குளிர்விப்பில் போனது எவ்வளவு, எக்ஸாஸ்ட்டில் போனது எவ்வளவு என்று கணக்கு. கயிற்றுப் பிரேக்கில் எடை மாட்டி, தெர்மாமீட்டர் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டோம். அந்த ஷீட்டின் "எக்ஸாஸ்ட்" என்ற வரியில் எண்ணிக்கை ஏறிவிட்டதைத்தான் நீலப் பைப் வண்ணத்தில் காட்டுகிறது. வேலையாக மாற வேண்டிய வெப்பம் பைப் வழியாக ஓடிப்போகிறது. இதைச் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தால் லேபும் ரோடும் ஒன்றாகிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்டை ஒட்டிக் கொஞ்ச தூரம் மஞ்சள் ஏறினால் பதற வேண்டாம், அது இயல்பு. வண்டியை ஓட்டாமல் ஸ்டாண்டு போட்டு நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு, "பைப் சிவக்குதே!" என்று அலறவும் வேண்டாம். காற்றால் குளிரும் இன்ஜினுக்குக் காற்றே கொடுக்காவிட்டால் அது என்ன செய்யும்? ஓட்டத்தில் நிறம் பரவுகிறதா என்பதுதான் கேள்வி.

மாமாவின் வண்டி

என் மாமா திண்டுக்கல்லில் வாழைக்காய் வியாபாரம் செய்கிறார். சிறுமலைக்கு ஏறி இறங்குவதற்கு ஒரு 1986 மாடல் புல்லட். அது அவருக்கு ஷோக்கு இல்லை, பிழைப்பு. திடீரென்று வண்டி இழுக்கவில்லை. மூன்றாம் கியரில் ஏறிய மலை இரண்டாம் கியருக்கு இறங்கியது. பெண்ட் பைப் பாதி தூரம் நீலம்.

முதல் பட்டறையில், "லீனா ஓடுது சார்" என்று மெயின் ஜெட்டைப் பெரிதாக மாற்றினார்கள். மைலேஜ் குறைந்தது, நீலம் குறையவில்லை. இரண்டாவது பட்டறையில் புது பெண்ட் பைப்பே மாட்டினார்கள். ஒரே வாரத்தில் அதுவும் நீலம்! மூன்றாவது இடத்தில், "ரீபோர் பண்ணிட்டா சரியாயிடும்" என்றார்கள். பணம் போனது, நோய் அப்படியே இருந்தது.

நாலாவதாக ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். மரத்தடியில் பட்டறை. பள்ளிக்கூடமே முழுசாக முடிக்காதவர். ஸ்பேனரைக் கையில் எடுக்காமல் மூன்று கேள்வி கேட்டார்.

"கிக்கர் திருப்பி அடிக்குதா?"

"இல்லண்ணே, வெண்ணெய் மாதிரி இறங்குது."

"சோக்கு போட்டா இழுவை கூடுதா?"

"இல்ல, இன்னும் மோசமாகுது."

"பாயிண்ட் எப்ப மாத்துனீங்க?"

"எட்டு மாசம் இருக்கும்."

"அப்ப கார்ப்பரேட்டரைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாயிண்ட் மூடியைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபீலர் கேஜ் உள்ளே போகவில்லை. கேமில் உரசும் ஃபைபர் கால் தேய்ந்து, 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய கேப் பாதியாகச் சுருங்கியிருந்தது. அடுத்து ரோட்டரை விரலால் முறுக்கி விட்டார். ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப வேண்டியது அசையாமல் நின்றது. அட்வான்ஸ் வெயிட் இரண்டும் காய்ந்த கிரீஸிலும் துருவிலும் இறுகிப்போயிருந்தன.

இப்போது நம் பாடத்தைக் கொண்டு வாருங்கள். கால் தேய்ந்தால் கேப் குறையும். கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். பாயிண்ட் திறக்கும்போதுதான் பொறி. ஆகவே பொறியும் தாமதம். மேலே, வேகம் ஏற ஏறப் பொறியை முன்னே தள்ள வேண்டிய வெயிட் அசையவில்லை. இந்த வண்டிக்கு அட்வான்ஸ் இல்லாத நிலையில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குக்குக் கணக்குப் போட்டால் கிராங்கில் சுமார் 9 முதல் 10 டிகிரி. கிக் அடித்துக் கிளப்ப அது போதும். 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போதவே போதாது. பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுகிறது. அடுப்பு சிலிண்டருக்குள் எரியாமல் பைப்புக்குள் எரிகிறது!

வெயிட்டைச் சுத்தம் செய்து ரெண்டு சொட்டு ஆயில் விட்டார். புது பாயிண்ட், சரியான கேப், பிறகு டைமிங். பழைய மெயின் ஜெட்டையே திரும்பப் போட்டார். நீலத்தின் எல்லையை ஸ்கேல் வைத்து அளந்து ஒரு சீட்டில் எழுதி மாமாவிடம் கொடுத்தார். "ஏறின கலர் இறங்காது. இதுக்கு மேல பரவுதான்னு பத்து நாள் கழிச்சு அளந்து பாருங்க" என்றார். பரவவில்லை. மலை மறுபடியும் மூன்றாம் கியருக்கு வந்தது.

நண்பர்களே, அவர் செய்ததில் எது நமக்குத் தெரியாதது? எல்லாம் நம் புத்தகத்தில் இருக்கிறது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில், நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே தணிக்கும் வழியைத் தேடச் சொன்னார். மூன்று பட்டறைகள் மூன்றாவதிலிருந்து ஆரம்பித்தன. அந்தப் பெரியவர் முதலாவதிலிருந்து ஆரம்பித்தார். வித்தியாசம் அங்கேதான்.

தேடும் வரிசை

அன்றைக்குப் பார்த்ததையும் பாடத்தில் படித்ததையும் சேர்த்து நான் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பழைய வண்டிக்கும் ஆகும்.

முதலில் வால்வு. இன்ஜின் முழுக்க ஆறியபின் பார்க்க வேண்டும். கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் புஷ் ராடுகள் விரலால் சுற்றச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் டேப்பட் இறுக்கமாக இருந்தால் வால்வு முழுசாக மூடாது. எரியும் வாயு சந்து வழியாகக் கசிந்து பைப்பையும் சுடும், வால்வையும் தின்னும்.

இரண்டாவது பொறி. முதலில் கேப், பிறகு டைமிங். இந்த வரிசையை மாற்றவே கூடாது, ஏனென்றால் கேப்பைத் தொட்டாலே டைமிங் நகர்ந்துவிடும். பிறகு அட்வான்ஸ் வெயிட் தடையில்லாமல் விரிந்து சுருங்குகிறதா என்று பாருங்கள். டைமிங் முந்தினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும், ஏற்றத்தில் "கிளிங் கிளிங்" என்று நாக்கிங் கேட்கும், ஹெட் சுடும். பிந்தினால் கிக்கர் சாதுவாக இருக்கும், வண்டி சோம்பும், பைப் சுடும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்தாலே பாதி வைத்தியம் முடிந்தது.

மூன்றாவது காற்றுக் கசிவு. கார்ப்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் பேக்கிங் கிழிந்திருந்தால் கணக்கில் இல்லாத காற்று உள்ளே போகும். ஸ்லோ ஸ்பீடு ஏறி இறங்கும், இறக்கினாலும் நிற்காது. அந்த ஜாயிண்டைச் சுற்றி கிரீஸ் தடவிப் பாருங்கள். ஓட்டம் மாறினால் கள்ளன் அங்கேதான். சில பேர் சூடான இன்ஜின் மேல் பெட்ரோலைப் பீய்ச்சிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உயிர் முக்கியம். பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் கசிந்தாலும் வெளிக்காற்று புகுந்து, ஆக்ஸிலேட்டரை மூடும்போது சைலன்சரில் "பட் பட்" என்று வெடிக்கும்.

கடைசியில்தான் கார்ப்பரேட்டர். அதிலும் எந்த ஓட்டத்தில் கோளாறு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்லோ ஓட்டத்தில் என்றால் ஏர் ஸ்க்ரூவும் பைலட் ஜெட்டும். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு திறப்பு வரை நீடில். அதற்கு மேல்தான் மெயின் ஜெட்டின் ஆட்சி. ஐம்பது அறுபதில் போகும் வண்டிக்கு ஆக்ஸிலேட்டர் பாதிகூடத் திறந்திருக்காது. அதற்கு மெயின் ஜெட்டை மாற்றுவது, பல்வலிக்குக் காலில் கட்டுப் போடுகிற மாதிரி! லீன் என்று சந்தேகம் வந்தால் சோக் போட்டுப் பாருங்கள். ஓட்டம் சீரானால் சந்தேகம் சரி. ஒரு கிலோமீட்டர் சீராக ஓட்டி, அதே வேகத்தில் இன்ஜினை ஆஃப் செய்து, கிளட்ச் பிடித்து நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை என்றால் லீன், கரி என்றால் ரிச், பிஸ்கட் நிறம் என்றால் நலம். பிளக் பிஸ்கட்டாக இருந்தும் பைப் நீலமென்றால் மறுபடி டைமிங் பக்கம் திரும்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஜெட்டையும் டைமிங்கையும் பிளக்கையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது.

புதுப் பெட்ரோல், பழைய ஜெட்

"எல்லாம் சரியா இருக்கு, ஆனாலும் பைப் முன்னைவிடச் சுடுது" என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் பெட்ரோல் பங்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் நாட்டில் 2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு சுமார் 9 கிலோ போதும், அதற்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. 20 விழுக்காடு கலவைக்கு நீங்களே கணக்குப் போடுங்கள், சுமார் 13.5 வரும். அதாவது சுத்தப் பெட்ரோலுக்கு வைத்த அதே ஜெட், அதே காற்று என்றால் கலவை சுமார் 8 விழுக்காடு லீன் பக்கம் சாய்ந்துவிட்டது!

எத்தனால் ஆவியாகும்போது கொஞ்சம் குளிர்விக்கும் என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே லீனாக ஓடிய வண்டிக்கு அது போதாது. டைமிங் சரி என்று உறுதி செய்துகொண்ட பிறகு, நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே மாற்றிப் போட்டால் நீடில் உயர்ந்து கலவை ரிச் ஆகும். புதிய வண்டியில் இந்தத் திருத்தத்தைக் கம்ப்யூட்டர் செய்துகொள்கிறது. பழைய வண்டிக்குக் கம்ப்யூட்டர் நாம்தான்.

"இனிமே எதுக்குப்பா கார்ப்பரேட்டர்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 வந்துவிட்டது, புது வண்டிகளில் ஃபியூயல் இன்ஜெக்ஷன். எலெக்ட்ரிக் வண்டியும் வந்துகொண்டிருக்கிறது. "டிப்ளமா முடிச்சுட்டு மரத்தடியிலயா உட்காரப் போறோம்?" என்று ஒரு நண்பன் கேட்டான்.

அவனுக்கு என் பதில் இது. புது வண்டியில் அதே எக்ஸாஸ்ட் பைப்பில்தான் ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. நாம் கண்ணால் படித்த சேதியை அது மின்சாரத்தால் படிக்கிறது. ஸ்கேனரை மாட்டினால் "கலவை லீன்" என்று ஒரு கோடு காட்டும். ஏன் லீன்? பேக்கிங் கசிவா, பம்ப் பிரஷர் குறைவா, இன்ஜெக்டர் அடைப்பா, சென்சாரே பொய் சொல்கிறதா? அதை ஸ்கேனர் சொல்லாது. அது அறிகுறியைச் சொல்லும், காரணத்தை மனிதன்தான் தேட வேண்டும். தேடத் தெரியாதவன் சென்சாரை மாற்றுவான், பிறகு இன்ஜெக்டரை மாற்றுவான், பிறகு ஈ.சி.யூ.வையே மாற்றச் சொல்வான். மாமாவின் வண்டிக்கு நடந்ததேதான், பில் தொகை மட்டும் பல மடங்கு! எலெக்ட்ரிக் வண்டிக்கும் அப்படியே. சூடாகும் ஒயரும் ஒரு சேதிதான்.

மரத்தடிப் பெரியவருக்குக் கை தெரியும், காது தெரியும். ஏன் என்பதைக் கணக்கில் எழுதிக் காட்ட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. நமக்குக் கணக்குத் தெரியும், கை தெரியவில்லை. இரண்டும் சேர்ந்த ஆளைத்தான் தொழில் உலகம் டிப்ளமாகாரன் என்று தேடுகிறது. அந்த இடத்தை நாம் நிரப்பவில்லை என்றால், மேலே பட்டதாரி, கீழே அனுபவசாலி, நடுவில் நமக்கு என்ன வேலை? நினைத்துப் பாருங்கள்.

சங்கத்திடம் இரண்டு கோரிக்கை

ஒன்று: துறைக்கு ஒரு பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் இன்ஜின் வேண்டும். பளபளப்பாகப் பாதி அறுத்து, பெயின்ட் அடித்து, கண்ணாடிக்குள் வைத்த மாடல் வேண்டாம். ஓடுகிற, புகைகிற, கை சுடுகிற இன்ஜின் வேண்டும். ஆண்டு விழாச் செலவில் ஒரு சீரியல் லைட் வரிசையைக் குறைத்தால் அதற்கு முதல் பணம் கிடைத்துவிடும்.

இரண்டு: வைவாவில் ஒரு கேள்வியாவது கோளாறாக இருக்கட்டும். ஆசிரியர் கேப்பைச் சுருக்கி வைக்கட்டும், பேக்கிங்கைத் தளர்த்தி வைக்கட்டும், டேப்பட்டை இறுக்கி வைக்கட்டும். மாணவன் கேள்வி கேட்டு, சோதித்து, காரணத்தோடு சொல்லட்டும். விடை தப்பானாலும் தேடிய வரிசை சரியென்றால் மார்க் கொடுங்கள். நம் ஆசிரியர்கள் இதை மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். கேட்க வேண்டியது நாம்தான்.

சங்கம் செய்யும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு ஃபீலர் கேஜ் வாங்குவது ஒரு சினிமா டிக்கெட்டைவிடப் பெரிய செலவில்லை. ஹாஸ்டல் வாசலில் நிற்கும் பழைய வண்டிகளில் எத்தனை பைப் நீலமாக இருக்கிறது என்று இன்று மாலையே எண்ணிப் பாருங்கள். சொந்தக்காரனிடம் முதலில் அந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். ஸ்பேனரை அதன் பிறகு எடுக்கலாம்.

கேட்போம்! அளப்போம்! பிறகு திருகுவோம்!